தென்காசியில் குடியிருந்து வெளியூர் கம்பெனிக்கு வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டம். பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ அலுவலகம் இயங்குகிறது. மென்பொருள் வேலையைக் குற்றால மலையடிவாரத்தில் இருந்தும் பார்க்க முடியும் என்பதை அது பலருக்கும் காட்டிவிட்டது. இப்போது சென்னை, பெங்களூரு, வெளிநாட்டுக் கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டே இங்கே வீடு பிடிப்பவர்கள் வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவையும் அவற்றுக்கான பதில்களும் கீழே உள்ளன.

இங்கே வந்தால் மாதம் எவ்வளவு மிச்சமாகும்?

மிச்சம் பெரும்பாலும் வாடகையில்தான். அதே அளவு வீட்டுக்குச் சென்னையின் நல்ல பகுதியில் கொடுப்பதில் பாதிக்கும் குறைவாகவே இங்கே ஆகும். காய்கறி, பால், வேலையாள் கூலியில் கொஞ்சம் குறையும். கேஸ் சிலிண்டர், செல்போன் ரீசார்ஜ், மின்கட்டணம், பள்ளி வேன், பெட்ரோல் எதிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதோடு சென்னையில் இல்லாத செலவுகள் சில இங்கே சேரும்: இன்வெர்ட்டரும் பேட்டரியும், இரண்டாவது இன்டர்நெட், மாதம் ஒருமுறை ஆபீசுக்குப் போய்வரும் டிக்கெட், அங்கே தங்கும் செலவு. ஆபீஸ் மாதம் இரண்டு முறை கூப்பிட்டால் வாடகையில் மிஞ்சியதில் பெரும்பகுதி ரயிலுக்கும் ரூமுக்கும் போய்விடும். எத்தனை நாள் நேரில் வர வேண்டும் என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிய பிறகு கணக்குப் போடுங்கள்.

வீடு பார்க்க எந்த மாதம் வரலாம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை வராதீர்கள். அது சாரல் சீசன். வெயில் இருக்காது, மலையில் மேகம் தவழும், அருவியில் தண்ணீர் கொட்டும். அந்த நேரத்தில் பார்க்கிற வீடெல்லாம் நல்ல வீடாகவே தெரியும். ஏப்ரல் மாதம் பகல் இரண்டு மணிக்கு வந்து, நீங்கள் உட்கார்ந்து வேலை பார்க்கப்போகும் அறையில் அரை மணி நேரம் இருந்து பாருங்கள். மேல்மாடி, மேற்குச் சுவர், மேலே வெறும் மொட்டைமாடித் தளம் மூன்றும் சேர்ந்த அறை என்றால் இரவு பத்து மணி வரை சூடு இறங்காது.

காற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைப் பக்கம் தாழ்ந்து கணவாயாக இருப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகத்தான் பீறிட்டு வருகிறது. சுரண்டைப் பக்கம் வரிசையாகக் காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். ஆனி, ஆடியில் மேற்கே பார்த்த ஜன்னலைத் திறந்து வைத்தால் மேசையில் காகிதம் நிற்காது. சாரல் நேராக மானிட்டர் மேல் விழும். மேசையை மேற்கு ஜன்னலை ஒட்டிப் போடாதீர்கள். மரக் கதவும் ஜன்னலும் ஈரத்தில் உப்பிச் சாத்த முடியாமல் போகும். கேமரா, தோல் பை, பழைய சான்றிதழ்கள் எல்லாம் பூசணம் பிடிக்கும். அவற்றை மூடிபோட்ட பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

எந்தப் பகுதியில் பார்க்கலாம்?

ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்ட், கடைத்தெரு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டுமென்றால் ஊருக்குள்ளேயே பாருங்கள். கொஞ்சம் அமைதி வேண்டுமென்றால் மேலகரம், இலஞ்சி, குத்துக்கல்வலசைப் பக்கம் பார்க்கலாம். குற்றாலத்தை ஒட்டிய வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. சீசனில் அவற்றை நாள் வாடகைக்கு விட்டால் உரிமையாளருக்கு நல்ல காசு. அதனால் ஜூனில் காலி செய்யச் சொல்லக்கூடும். சனி, ஞாயிறுகளில் குற்றாலம் சாலையில் வண்டி நகராது. மழையை ரசிக்க ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலே போதும்.

கரண்ட் எப்படி?

அடிக்கடி போவதில்லை. ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு துணை மின்நிலையத்திலும் மாதம் ஒரு நாள் காலை 9 மணிக்கு நிறுத்தினால் பகல் 2 மணிக்கு வரும். வேலை அதிகம் என்றால் மாலை 5 ஆகும். முந்தின நாள் செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் எந்தெந்த ஊர் என்று பட்டியல் வந்துவிடும். மின்வாரிய இணையதளத்திலும் பார்க்கலாம். பட்டியலில் உங்கள் தெருவின் பெயர் இருக்காது, துணை மின்நிலையத்தின் பெயர்தான் இருக்கும். ஆகவே குடிவந்த அன்றே, "நம்ம லைன் எந்த சப்ஸ்டேஷன், எந்த ஃபீடர் (அங்கிருந்து வரும் மின்பாதை)?" என்று லைன்மேனிடம் கேட்டு எழுதி வையுங்கள். திடீரென்று போனால் மின்னகம் எண் 94987 94987. மின் இணைப்பு எண் கேட்பார்கள், அதையும் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். வேறு துணை மின்நிலையத்தின் கீழ் வரும் ஒரு நண்பர் வீட்டையோ உறவினர் வீட்டையோ முன்கூட்டியே பேசி வையுங்கள். உங்கள் பக்கம் பராமரிப்பு என்றால் பெரும்பாலும் அவர்கள் பக்கம் அன்று கரண்ட் இருக்கும். பெருநகரம் மாதிரி வாடகை மேசை போட்ட அலுவலகத்தை நம்பி இங்கே வராதீர்கள்.

எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் வேண்டும்?

உங்கள் மேசைக்கு மட்டும் கணக்கிடுங்கள். லேப்டாப் 60 வாட், மானிட்டர் 25, இன்டர்நெட் பெட்டி 15, ஒரு எல்.இ.டி. விளக்கு 10, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறி 30. மொத்தம் 140 வாட். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரியில் 1,800 வாட் மணி இருக்கிறது. பேட்டரி சில வருடமாவது உழைக்க வேண்டுமென்றால் அதில் 60 சதவீதத்துக்கு மேல் இறக்கக் கூடாது. இன்வெர்ட்டரிலேயே 20 சதவீதம் வீணாகும். கைக்குக் கிடைப்பது சுமார் 860 வாட் மணி. 140 வாட்டுக்கு அது ஆறு மணி நேரம் தாங்கும்; 9 முதல் 2 வரையிலான பராமரிப்பை நிம்மதியாகத் தாண்டலாம்.

அதே மேசையில் 75 வாட் பழைய மின்விசிறி ஓடினால் சுமை 185 வாட் ஆகிவிடும், நேரம் நாலே முக்கால் மணிக்கும் கீழே வந்துவிடும். ஒன்றரை மணி வரை எல்லாம் ஓடும். கடைசி மீட்டிங்கில் 'பீப்' சத்தம் கேட்கும். பேட்டரியைப் பெரிதாக வாங்குவதைவிட மின்விசிறியை மாற்றுவது மலிவு. பிறகு வேறு வீடு மாறினாலும் அதைக் கழற்றிக்கொண்டு போகலாம்.

வாங்கும்போது 'சைன் வேவ்' என்று கேட்டு வாங்குங்கள். 'ஸ்கொயர் வேவ்' இன்வெர்ட்டரில் மின்விசிறி உறுமும், லேப்டாப் அடாப்டர் சூடாகும். பின்பக்கம் இருக்கும் சுவிட்சை 'யு.பி.எஸ்.' நிலையில் வையுங்கள். 'நார்மல்' நிலையில் வைத்தால் கரண்ட் மாறும் அந்த ஒரு கணத்தில் இன்டர்நெட் பெட்டி அணைந்து எழும்பும், லைன் திரும்ப இரண்டு மூன்று நிமிடமாகும். மீட்டிங்கில் அந்த இரண்டு நிமிடம் பெரிது. பேட்டரிக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் தகடு கெட்டுவிடும்.

வாடகை வீட்டில் இன்வெர்ட்டர் லைன் தனியாக இழுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பல வீடுகளில் ஹால் விளக்குக்கும் விசிறிக்கும் மட்டும் கொடுத்திருப்பார்கள். உங்கள் மேசைப் பக்கத்து மூன்று பின் பிளக்கில் அந்த லைன் இருக்காது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மெயினை இறக்கச் சொல்லி, அந்தப் பிளக்கில் சார்ஜரைச் செருகிப் பார்த்துவிடுங்கள்.

மின்கட்டணம் ஒரு முறை 1,800, மறுமுறை 2,000-க்கு மேல். மீட்டர் பழுதா?

பழுது இருக்காது. 500 யூனிட்டைத் தாண்டியிருப்பீர்கள். கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2024 ஜூலை கட்டணப்படி, 500 வரை எரித்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, அதற்கு மேல் 6.30. ஆக 500-க்கு 1,805 ரூபாய். 501 ஆகிவிட்டால் அந்த 2.35 அடுக்கே போய்விடும். 101-இலிருந்தே 4.70, 501-ஆவது யூனிட்டுக்கு 8.40. மொத்தம் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்.

வீட்டில் இருந்தே வேலை என்றால் பகல் முழுக்க விசிறியும் ஏ.சி.யும் ஓடும். 60 நாளுக்கு 500 யூனிட் என்றால் ஒரு நாளைக்கு எட்டு யூனிட்தான். ஒன்றரை டன் ஏ.சி. எட்டு மணி நேரம் ஓடினாலே 6 முதல் 8 யூனிட் வரை இழுத்துவிடும். ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தால், கடைசி வாரத்தில் சுதாரிக்கலாம். வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே மீட்டரில் இருந்தால் இந்த அடுக்கு இருவருக்கும் சேர்ந்து எகிறும். உள் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்குபவர்களும் உண்டு. தனி மீட்டர் உள்ள வீடாகவே பிடியுங்கள்.

இன்டர்நெட் எது எடுக்கலாம்?

பி.எஸ்.என்.எல். ஃபைபர், தனியார் கம்பெனி ஃபைபர், உள்ளூர் கேபிள்காரர் கொடுக்கும் ஃபைபர் எல்லாம் உண்டு. எது நல்லது என்பது தெருவுக்குத் தெரு மாறும். விளம்பரத்தைப் பார்க்காமல், பக்கத்து வீட்டில் என்ன ஓடுகிறது, போன மாதம் எத்தனை நாள் நின்றது, போன் போட்டால் ஆள் எத்தனை மணி நேரத்தில் வருகிறார் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். அப்லோடு வேகமும் டவுன்லோடு அளவுக்கே இருக்க வேண்டும் என்று சொல்லி எடுங்கள்.

இரண்டு ஃபைபர் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். இரண்டு கம்பியும் ஒரே மின்கம்பத்தில்தான் போகும். ஆடிக்காற்றில் ஒரு கிளை விழுந்தால் இரண்டும் போச்சு. பொக்லைன் ரோட்டைத் தோண்டினாலும் அப்படித்தான். இரண்டாவது இணைப்பு செல்போன் டவரில் இருந்து வர வேண்டும். வீடு பார்க்கப் போகும்போது இரண்டு கம்பெனி சிம் எடுத்துப் போய், வேலை பார்க்கும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இரவு ஒன்பது மணிக்கு வேகம் பாருங்கள். பகலில் பார்த்தால் ஏமாற்றும், ஊரே வீடியோ பார்ப்பது இரவில்தான்.

ஆபீஸ் வி.பி.என். (ஆபீஸ் கணினிகளோடு சேர்க்கும் பாதுகாப்பு இணைப்பு) சேராமல் முரண்டு பிடித்தால், பல வீடுகளுக்கும் ஒரே பொது ஐ.பி.யை, அதாவது இணைய முகவரியை, பகிர்ந்து கொடுப்பது காரணமாக இருக்கலாம். உங்களுக்கு மட்டுமான, மாறாத ஸ்டாட்டிக் ஐ.பி. கிடைக்குமா என்று கேளுங்கள், தனிக் கட்டணம் உண்டு.

இன்டர்நெட் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. என்ன செய்வது?

'எல்.ஓ.எஸ்.' என்ற இடத்தில் சிவப்பு மின்னினால் வெளிச்சமே வரவில்லை என்று அர்த்தம். கம்பி அறுந்திருக்கும் அல்லது பின்னால் உள்ள மஞ்சள் கம்பி மடங்கியிருக்கும். அந்தக் கம்பியை விரல் சுற்றளவில் சுருட்டிக் கட்டினாலே வெளிச்சம் கசிந்துவிடும். பெருக்கும்போது பெட்டியை நகர்த்தி, பின்னால் கம்பி நசுங்கிய வீடுகள் ஏராளம். சிவப்பு இல்லாமல் 'பான்' விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தால் கோளாறு பெரும்பாலும் அவர்கள் பக்கம். எதுவும் எரியவில்லை என்றால் அடாப்டர். லைன் போடும் அன்றே ஆளிடம் ஒளி அளவைக் கேட்டுக் குறித்து வையுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டி.பி.எம். வரை இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டினால் மழை நாளில் படுத்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் மாலை இடி இடிக்கும். ஃபைபரில் மின்னல் ஏறாது, ஆனால் அடாப்டர் வழியாக ஏறும். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு அந்த நேரம் செல்போனில் ஓட்டுங்கள். வீட்டுக்கு எர்த் உண்டா என்று எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டர் போட்டுப் பாருங்கள்: லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே 230-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், உள்ளே கம்பியே இருக்காது.

'ஒத்திக்கு வீடு' என்கிறார்கள். எடுக்கலாமா?

ஒத்தி என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது. கெடு முடிந்ததும் தொகை அப்படியே திரும்ப வர வேண்டும். தென் மாவட்டங்களில் ரொம்பச் சாதாரணம். கேட்க நன்றாக இருக்கும். கெடு முடிந்த பிறகுதான் சிக்கல் வரும். வீட்டுக்காரர் அந்தப் பணத்தில் கடன் அடைத்திருப்பார், மகளுக்குக் கல்யாணம் முடித்திருப்பார். அடுத்த ஒத்திக்காரர் கிடைத்தால்தான் உங்களுக்குப் பணம்.

எடுப்பதாக இருந்தால் முதலில் வில்லங்கச் சான்று போடுங்கள். மூலப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். நகல் மட்டும் காட்டினால் அசல் வங்கியில் இருக்கலாம். ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். செலவுக்குப் பயந்து வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டவர்கள்தான் பின்னால் அலைகிறார்கள். "அடுத்த மாதம் ஆபீசுக்கு வா" என்று எந்த நேரமும் கம்பெனி சொல்லக்கூடிய வேலையில் இருப்பவர்களுக்கு ஒத்தி வேண்டவே வேண்டாம். மூன்று வருடம் முடங்கிய பணத்தை ஒரு மாதத்தில் யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் என்ன பார்க்க வேண்டும்?

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் அரசு இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதாத வரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அந்த 'ஒப்புக்கொண்டு எழுதாத வரை' என்பதுதான் ஓட்டை. பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதியதில் கையெழுத்துப் போட்டால் அது உங்கள் சம்மதம். வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள், காலி செய்து எத்தனை நாளில் அட்வான்ஸ் திரும்பும், சுவரில் துளை போட்டு ஃபைபர் கொண்டுவரலாமா, சீசனில் காலி செய்யச் சொல்லக் கூடாது என்ற நான்கையும் எழுத்தில் கொண்டுவாருங்கள்.

வீட்டுக்காரர் "சொந்த ஊர் எது, நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறார்.

கேட்கிறார்கள் என்பது உண்மை. சொந்த ஊரில் தொடங்கும் கேள்வி பெரும்பாலும் சாதியில் போய் முடியும். கல்யாணமாகாதவர்களுக்கும் கறி சமைப்பவர்களுக்கும் 'வீடு இல்லை' என்ற பதில் வரும். இது தவறு. சின்ன ஊர் என்று சொல்லி அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல மனம் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. வேலை அடையாள அட்டையையும் சம்பளச் சீட்டையும் காட்டி, அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உரிமையாளர் வெளியூரில் இருக்கும் வீடுகளில் இந்த விசாரணை குறைவு. வந்த முதல் மாதம் அறை எடுத்துத் தங்கி நிதானமாகத் தேடினால், வீடு கிடைக்கும்.

மீட்டிங் நேரத்தில் சத்தம் இருக்குமா?

கோயில் கொடை (திருவிழா) வந்தால் இருக்கும். பங்குனி முதல் ஆடி வரை ஏதாவது ஒரு தெருவில் கொடை நடந்துகொண்டே இருக்கும். குழாய் ரேடியோ கட்டினால் இரண்டு மூன்று நாள் ஓயாது. முக்கிய நாள் பெரும்பாலும் செவ்வாய் அல்லது வெள்ளி. கால் நாட்டியதும் பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம் தேதி கேட்டு, அந்த நாட்களில் டெமோ, இன்டர்வியூ எதுவும் வைக்காதீர்கள். கொடைக்கு வரி கேட்டு வந்தால் முடிந்ததைக் கொடுங்கள், இரவு சாமக்கொடைக்கும் போய்ப் பாருங்கள். மற்ற நாட்களுக்கு வாயை ஒட்டி மைக் இருக்கும் ஒயர் ஹெட்செட் போதும்.

சென்னைக்குப் போய்வர?

தினமும் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. சாயங்காலம் ஏறினால் காலையில் எழும்பூர். வாரம் மூன்று நாள் சிலம்பு எக்ஸ்பிரசும் போகிறது. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். சீசன் ஞாயிறும் பண்டிகை முடியும் நாளும் திறந்த அன்றே தீர்ந்துவிடும். அவசரத்துக்குத் திருநெல்வேலி போய் வந்தே பாரத் பிடிக்கலாம். விமானம் என்றால் தூத்துக்குடி, திருவனந்தபுரம், மதுரை மூன்றும் சாலையில் எட்டும் தூரம்தான்.

உடம்புக்கு முடியவில்லை என்றால்?

அன்றாடத்துக்கு ஊரிலேயே அரசு தலைமை மருத்துவமனையும் தனியார் மருத்துவமனைகளும் உண்டு. பெரிய சிகிச்சைக்குப் பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டில் இதய நோயாளி இருந்தால் இந்தத் தூரத்தை நினைத்துப் பார்த்து முடிவு எடுங்கள்.

வீட்டு வாடகைப் படியும் வரியும்?

பழைய வரி முறையில் இருந்தால், வீட்டு வாடகைப் படிக்கான வரிவிலக்கு சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை என்றால் தென்காசிக்கு 40. ஆபீஸ் எங்கே என்பதில்லை, நீங்கள் வாடகை கொடுக்கும் வீடு எங்கே இருக்கிறது என்பதே கணக்கு. புதிய முறையில் இந்தச் சலுகையே கிடையாது.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் தனியாக வேலை செய்பவர்கள், வங்கியிடம் ஒவ்வொரு வரவுக்கும் அந்நியச் செலாவணிச் சான்று வாங்கி வையுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். ஏற்றுமதி சேவைக்கு வரி இல்லை, ஆனால் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் எல்.யு.டி. என்ற உறுதிமொழி தாக்கல் செய்ய வேண்டும். மறந்தவர்கள் வரியைக் கட்டிவிட்டுப் பின்னால் திரும்பக் கேட்டு அலைகிறார்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள தமிழர் வந்து தங்கலாமா?

ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தால் எத்தனை வருடமும் தங்கலாம், வேலை பார்க்கலாம், காவல் துறைப் பதிவும் தேவையில்லை. அட்டை இல்லாமல் சுற்றுலா விசாவில் வந்து வேலை பார்ப்பதற்கு அனுமதி கிடையாது. தொலைவேலைக்கென்று இந்தியாவில் தனி விசாவும் இல்லை. வெளிநாட்டவருக்கு வீடு கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை (முன்பு 'சி' படிவம்) இணையத்தில் பதிய வேண்டும். வீட்டுக்காரருக்கு இது தெரிந்திருக்காது, கூட உட்கார்ந்து பதிவு செய்து கொடுங்கள்.

இங்கே வந்த கொஞ்ச நாளில் எல்லோருக்கும் ஒரு தென்னந்தோப்பு வாங்க ஆசை வரும். ஓ.சி.ஐ. அட்டைதாரர் வீடு வாங்கலாம்; விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. "உறவுக்காரர் பெயரில் போட்டுக்கொள்ளலாம்" என்று புரோக்கர் சொன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள். பத்திரத்தில் யார் பெயரோ, தோப்பு அவருக்குத்தான்.